எல்லம்மாள் தெளியவைத்த தண்ணீர்

பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கண்ணாடிச் சாமான்களும் திராவகங்களும் வாங்கி வரச் சொல்லி எங்கள் தலைமையாசிரியர் என்னைச் சென்னைக்கு அனுப்பினார். இரண்டு நாளில் முடிகிற வேலை. பதினோரு நாள் தங்கிவிட்டேன். மீதி ஒன்பது நாளும் ஓர் ஆட்டுப் பட்டிக்கும் ஓர் ஏரிக்கும் நடுவே சேற்றில் கழிந்தன என்று சொன்னபோது யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நம்பவில்லை. என் மனைவி மட்டும் வேட்டிகளைப் பார்த்துவிட்டு நம்பினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சபாபதி. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். இப்போது ஆவடிப் பக்கத்து ஏரிகளுக்கு ஓவர்சியர். ஊருக்குத் திரும்புமுன் அவனை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று ரயில் ஏறினேன். அம்பத்தூரைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே ஏரி கடலாக விரிந்து கிடந்தது. ஆறும் ஏரியும் இல்லாத ஊரிலிருந்து வந்தவன் அல்லவா, எழுந்து நின்று பார்த்தேன். "எவ்வளவு தண்ணி! ஆருடைய குளம் இது?" என்று பக்கத்திலிருந்த கீரைக்காரியைக் கேட்டேன். அவள் தன் தோழியிடம் திரும்பி, "மலையாளத்துக்காரரு போல கீது, பாவம், ஏரியே பாத்ததில்ல" என்றாள். முதலாவது தவறு, இரண்டாவது உண்மை. உட்கார்ந்துகொண்டேன்.

சபாபதி என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டான். இட்லி வாங்கிக் கொடுத்தான். நான்காவது இட்லியில் விஷயத்துக்கு வந்தான்.

வேப்பம்பட்டுக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் அந்த ஊர் மணியக்காரர் கோபித்துக்கொள்வார், ஆகையால் சொல்லவில்லை. அந்த ஊர் ஏரித் தண்ணீர் இரண்டு வருஷமாகப் பச்சையாகிக்கொண்டு வருகிறது. போன கோடையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. குளித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஏரிக்கு மேலே, மழைநீர் வருகிற மேய்ச்சல் நிலத்தில், முனுசாமி என்ற ஆட்டுக்காரன் குடிசை போட்டிருக்கிறான். அவனுடைய ஆட்டுப் புழுக்கைதான் கால்வாயில் கரைந்து ஏரியைக் கெடுக்கிறது, அவனை விரட்ட வேண்டும் என்று மணியக்காரர் மனுக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சபாபதி அறிக்கை எழுதியாக வேண்டும்.

"நீ ரசாயன வாத்தியார்தானே? தண்ணியைப் பார்த்து உண்மையைச் சொல்லிட்டுப் போ" என்றான்.

"நான் சாமான் வாங்க வந்தவன்."

"அந்தச் சாமானை வெச்சே பாரு."

நான் ஐந்தாவது இட்லியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முனுசாமியின் குடிசைக்குப் போனோம். பனையோலைக் கூரை, முள்வேலிப் பட்டி, அறுபது எழுபது ஆடுகள். முனுசாமி ஒடிசலான மனிதன். பேசும்போது கையிலிருக்கும் கோலைத்தான் பார்ப்பான். அவன் மனைவி எல்லம்மாளுக்கு மாதம் எட்டு முடிந்திருந்தது. வந்தவனுக்கு என்ன கொடுப்பது என்று அவள் தவித்ததைப் பார்த்தால் நான் ஏதோ ஜமீன்தார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கேழ்வரகுக் கூழும், சுட்ட கருவாடும், கடித்துக்கொள்ள ஒரு வெங்காயமும் வந்தன. எங்கள் ஊரில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழில் நண்டும் இறாலும் மிதக்கும். இதில் ஒன்றும் மிதக்கவில்லை. ஆனாலும் மோர் விட்டுக் கரைத்த அந்தக் கூழுக்கு என் நாக்கு அன்றே அடிமையாகிவிட்டது.

"சாமி, தண்ணிய சோதிச்சிட்டு எங்களப் போவச் சொல்லுவீங்களா?" என்று முனுசாமி கோலைப் பார்த்தபடியே கேட்டான்.

"போகச் சொன்னால் எங்கே போவாய்?"

"நகரி மலைப் பக்கம் போவணும். நாலு நாளு நடை. நான் நடப்பேன், ஆடு நடக்கும். இது இன்னா பண்ணும்?" என்று எல்லம்மாளைக் காட்டினான். அவள், "நானும் நடப்பேன், நீ சும்மாரு" என்றாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அன்று மாலைவரை தண்ணீர் வரும் வழியைக் காலால் அளந்தோம். மேட்டில் விழும் மழை சின்னச் சின்ன ஓடைகளாகச் சேர்ந்து, பட்டியை உரசிக்கொண்டு வரத்துக் கால்வாயில் இறங்குகிறது. கால்வாய் ஊரை ஒட்டி ஒரு வளைவு வளைந்து ஏரிக்குள் போகிறது. ஏரி நிரம்பினால் மிச்சம் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு, கடைசியில் கூவம் ஆற்றுக்கு. எங்கள் ஊரில் மழை பெய்தால் தண்ணீர் அப்படியே சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். எங்கே போனது என்று யாரும் விசாரிப்பதில்லை. இங்கே அது எல்லோர் வாசலையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்து போகிறது. ஆகவே எல்லோருக்கும் அதன்மேல் ஒரு வழக்கு இருக்கிறது.

நான்கு போத்தல்களைக் கழுவி எண் ஒட்டி முனுசாமியிடம் கொடுத்தேன். இந்த ஊரில் சீசா என்கிறார்கள். ஒன்றாவது பட்டிக்கு மேலே, இரண்டாவது பட்டிக்குக் கீழே, மூன்றாவது ஊர் வளைவு தாண்டி, நான்காவது ஏரியில். முதல் மழையில் கால்வாய் ஓடத் தொடங்கியதும் பிடிக்க வேண்டும்; மண்மேல் கிடக்கிற சத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவது அந்தத் தண்ணீர்தான். நான் ஆவடியிலிருந்து வந்து சேரப் பிந்திவிட்டால் அவன் பிடித்து வைக்க வேண்டியது. "நாலும் நாலு எடம். கலக்கக் கூடாது. அதானே சாமி?" என்று மூன்று தரம் திருப்பிச் சொன்னான். என் மாணவர்களில் பாதிப்பேர் இவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்கள்.

அதற்கு இரண்டாம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஜட்காவைப் பிடித்துப் புறப்பட்டேன். பாதி வழியில் குதிரை ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. தட்டிக் கொடுத்தும் நகரவில்லை, திட்டியும் நகரவில்லை. "கோச்சிக்காத சாமி, இதுக்கு மழன்னா ஆவாது. போன வருசம் நனைஞ்சிட்டு பத்து நாளு இருமிகினு கெடந்துச்சி" என்றார் வண்டிக்காரர். குதிரையின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். பிறகு நடந்தே போனேன்.

குடிசையை அடைந்தபோது மழை விட்டிருந்தது. முனுசாமி தெப்பலாக நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். நான்கு போத்தல்களும் வரிசையாக இருந்தன. நான்கும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன.

புது மழைத் தண்ணீர் இப்படி இருக்காது.

"இந்தத் தண்ணியை ஆர் தெளிய வைச்சது?"

எல்லம்மாள் பெருமையாக முன்னால் வந்தாள். "நான்தான் சாமி. ஒரே சேறு. பாக்கவே சகிக்கல. தேத்தாங்கொட்டைய ஒரசி தெளியவெச்சேன்."

தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் மண் அடியில் உறைந்து தெளிநீர் மேலே நிற்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அது உண்டு.

"ஒவ்வொண்டையும் தனித்தனியாய்த் தெளிய வைச்சனீங்களோ?"

"எங்கூட்ல பானை ஒண்ணுதான கீது? நாலையும் அதுல கொட்டி, தெளிஞ்சதும் நாலு சீசாலயும் ஊத்திட்டேன்."

முனுசாமி கோலைக் கீழே போட்டான். "ஐயோ, கலக்கக் கூடாதுன்னு சொன்னாரேடி!"

அவளுக்கு விளங்கவில்லை. "கடல் தாண்டி வந்தவருக்குக் கலங்கல் தண்ணியா குடுப்பாங்க? நம்ம ஊரப் பத்தி இன்னா நெனைப்பாரு?" என்று அவனைத்தான் கடிந்துகொண்டாள்.

கோபம் வந்தது உண்மை. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. தன் குடும்பத்தைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை மரியாதைக்காக ஒரு பானையில் கொட்டிவிட்டாள். மெல்ல எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண் நிரம்பியது. "அப்ப என்னாலதான் போவணுமா?" என்றாள். இன்னொரு மழை வரும் அம்மா, கவலைப்படாதே என்றேன். வானத்தைப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. அன்று சனிக்கிழமை.

பானையடியில் உறைந்த சேற்றை என்ன செய்தாள் என்று கேட்டேன். குடிசை ஓரத்துப் பூசணிக்கொடிக்கு ஊற்றிவிட்டாளாம். "வண்டலுதான சாமி கொடிக்கு சோறு." அதை நான் படித்தது கல்லூரியில், இரண்டாம் வருஷத்தில்.

ஞாயிறும் திங்களும் வெயில் காய்ந்தது. செவ்வாயன்று சும்மா இருக்கப் பிடிக்காமல், இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறதென்று பார்க்கப் பூந்தமல்லிச் சாலையில் புறப்பட்டேன். குதிரையோடு மனஸ்தாபம் இருந்ததால் மாட்டு வண்டி. கூவத்தைக் கடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றில் காலை நனைத்தேன். ஆறென்றால் என்னவோ என்று எண்ணியிருந்தேன். முழங்கால் தண்ணீர், வெண்மணல், கரை நெடுகக் கீரைப் பாத்திகள். ஒரு விவசாயி நாற்று முடிகளை அலசிக்கொண்டிருந்தார். அவரிடம் மேலேயிருக்கும் ஏரி பச்சையாகிவிட்ட கதையைச் சொன்னேன்.

"பச்சத் தண்ணியா? வரட்டுமே நைனா!" என்று சிரித்தார். "அந்தத் தண்ணி வந்தா பயிரு கருகருன்னு நிக்கும். எரு போடவே தேவல. ஆட்டுக்காரன வெரட்டுறாங்களா? இன்னாத்துக்கு? எங்களக் கேட்டாங்களா?"

ஏரிக்கு நோயாக இருப்பது இவர் வயலுக்கு விருந்தாக இருந்தது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் சூடான போண்டாவைத் தின்றுகொண்டே இதை யோசித்தேன். மூன்றாவது போண்டாவுக்குமேல் யோசனை ஓடவில்லை. திரும்பும் வழியில் வேலப்பன்சாவடிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. வண்டிக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்கோ அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதன்கிழமை காலை மழை கொட்டியது. இந்த முறை நான் ஜட்காவை நம்பவில்லை. முந்தின நாளே கிராமத்துக்கு வந்து மணியக்காரர் வீட்டில் தங்கியிருந்தேன். மணியக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு. யாருக்கு எதிராக மனுக் கொடுத்தாரோ அவனுக்காக நான் அலைகிறேன் என்று தெரிந்தும், விரால் மீன் குழம்பை என் இலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். "எங்க தாத்தா காலத்துல இந்த ஏரித் தண்ணில சோறாக்குனா பூவாட்டம் இருக்கும் சார். இப்ப மாடு கூட மோந்து பாத்துட்டு திரும்புது. எனக்கு ஆட்டுக்காரன்மேல இன்னா விரோதம்?" என்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏரிக்காக அழக்கூடிய மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முனுசாமியும் நானும் கொட்டும் மழையில் கால்வாயோரமாக நடந்தோம். ஒன்றாவது போத்தல், இரண்டாவது போத்தல். ஊர் வளைவில் நான் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். முனுசாமி கோலை நீட்டி என்னை இழுத்துப் போட்டான். விழுந்த இடத்தில் தண்ணீரின் நிறமே வேறாக இருந்தது. கரையைப் பார்த்தேன். வரிசையாக எருக்குழிகள். ஊரில் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் குழி அங்கேதான். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் எரு சீக்கிரம் மக்கும் என்று அங்கே வெட்டியிருந்தார்கள். குழிகள் நிரம்பி, பனங்கட்டிக் கோப்பி மாதிரி ஒரு சாறு சளசளவென்று கால்வாய்க்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. முதல் நாள் கால்வாயின் மறுகரையில் நடந்தபோது நாலு வைக்கோல்போர் அவற்றை மறைத்திருந்தன. எல்லாவற்றிலும் பெரிய குழி மணியக்காரருடையது.

குழிகளுக்குக் கீழே மூன்றாவது போத்தலையும் ஏரியில் நான்காவதையும் பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமை ஊர்ச் சாவடியில் கடை விரித்தேன். பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய புதுப் பீங்கான் கிண்ணங்கள், சாராய விளக்கு, திராவகம். ஊரே கூடியிருந்தது. சபாபதி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான். சின்னத் தூறல். கூட்டத்துக்கு வெளியே முனுசாமி நின்றான். அவன் பக்கத்தில் எல்லம்மாள், தலையில் ஒரு பெரிய துணிமூட்டையோடு நின்றாள். தீர்ப்பு வந்ததும் நடக்க வேண்டியதுதானே என்று காலையிலேயே குடிசையைக் காலி செய்து கட்டி எடுத்து வந்துவிட்டாளாம். இறக்கி வை என்று இரண்டு பேர் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டாள்.

நான் முறையை விளக்கினேன். நான்கு தண்ணீரையும் ஒரே அளவில் தனித்தனியாக வடிகட்டிச் சுண்டக் காய்ச்ச வேண்டும். மிச்சத்தில் திராவகம் சில துளி, பிறகு அமோனியா என்கிற நவச்சார நீர். எருவும் புழுக்கையும் மக்குவதால் வருகிற வெடியுப்புச் சத்து தண்ணீரில் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு சத்து. பாசியை வளர்ப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

"அப்டின்னா எங்கூட்டுக் கெணத்துத் தண்ணியையும் ஒரு கிண்ணம் வைங்க. நல்ல தண்ணின்னா எப்டி இருக்கும்னு ஜனங்க பாக்கட்டும்" என்றார் மணியக்காரர். ஐந்தாவது கிண்ணம் வைத்தேன்.

நவச்சார நீரைத் திறந்ததும் முன்வரிசை மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. முதல் கிண்ணம், பட்டிக்கு மேலே எடுத்தது: நிறமே இல்லை. இரண்டாவது, பட்டிக்குக் கீழே: இளமஞ்சள். எல்லம்மாளின் கூழைக் குடித்தவன் நான். அந்த நிறம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் வந்துவிட்டது. "ஆட்டாலும் கொஞ்சம் சேருது" என்று உரக்கச் சொன்னேன். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்தீங்களா?" என்றார் மணியக்காரர். "அதுவும் மொத மழையில மொத்தமும் அடிச்சிகினு போயிருக்கும். இது மிச்சம் மீதி." அது நியாயமான வாதம். ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது கிண்ணத்தில் விட்டேன். விரலி மஞ்சளை உரைத்து ஊற்றியது போலக் குப்பென்று ஏறியது. "இது எங்க எடுத்தது?" என்று ஒரு குரல். ஊர் வளைவு, எருக்குழிகளுக்குக் கீழே என்றேன். நான்காவது, ஏரித் தண்ணீர்: இரண்டாவதைவிட மஞ்சள், மூன்றாவதைவிடக் கம்மி.

ஐந்தாவது கிண்ணத்தில் நவச்சார நீரை ஊற்றத்தான் எனக்கு மனம் வரவில்லை. மணியக்காரர், "ஊத்துங்க சார்" என்றார். ஊற்றினேன். ஐந்திலும் அதுதான் ஆழ்ந்த மஞ்சள். அவர் கிணறு மாட்டுக் கொட்டகைக்கு நாலடி தள்ளித்தான் இருந்தது.

மணியக்காரர் குனிந்து அந்தக் கிண்ணத்தையே வெகுநேரம் பார்த்தார். "இதத்தான் எங்கூட்டுக் கொயந்தைங்க குடிச்சிகினு கீதா?" என்றார். அந்தக் குரலில் மீசை இல்லை. வாந்திபேதி ஒன்றும் அதனால் வந்ததாக நான் சொல்லவில்லை, ஆனால் கொட்டகையைத் தள்ளிப் போடுவது நல்லது என்றேன். பட்டியையும் கால்வாயிலிருந்து தள்ளிப் போட வேண்டும், குழிகளையும் மாற்ற வேண்டும், இரண்டும் உண்மை என்றேன். சபாபதியின் பேனா அப்படியே எழுதியது.

மணியக்காரர் நிமிர்ந்தார். மேல்துண்டை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டினார். "எவனும் நிக்கக் கூடாது. கூடைய எடுத்துகினு வாங்க. மொதல்ல என் குழி" என்றார். பிறகு கூட்டத்தைத் தாண்டிப் பார்த்து, "முனுசாமி! கால்வா ஓரம் பட்டி போடாத. மேட்டுல என் கம்பங்கொல்ல கீது, அதுல போடு" என்றார்.

"மழ காலம் முடியற மட்டுமா சாமி?"

"எதுக்கு முடியணும்? இரு."

எல்லம்மாள் அவனையும் மணியக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப மூட்டைய எறக்கிடலாமா?" என்று கேட்டாள்.

சபாபதி எழுதுவதை விட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தான், முனுசாமி மறுபக்கம். சாவடிக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் மெல்ல உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று கிழித்து மடித்த பழஞ்சேலைத் துண்டுகள் இருந்தன. ஒன்றிரண்டு தூறலில் ஈரமாகியிருந்தன. அவற்றை உதறி, சாவடித் தூணில் கட்டியிருந்த கயிற்றில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டாள்.